கழித்தபின் எஞ்சும் ஒளி

இளம் விண்மீன்களைச் சுற்றிக் கோள்கள் உருவாகும் வட்டுகளின் படங்கள் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நாளிதழ்களின் அறிவியல் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. நடுவே ஒரு கரும்பொட்டு, அதைச் சுற்றிச் செம்மஞ்சள் நிறத்தில் வளையங்கள், சிலவற்றில் நீண்ட சுருள்கள். பார்ப்பவர்கள் இவற்றை ஒளிப்படங்கள் என்றே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இவற்றில் கணிசமானவற்றில், எந்த விண்மீனைச் சுற்றி அந்த வட்டு இருக்கிறதோ அந்த விண்மீனின் ஒளி கணக்கிலிருந்தே கழிக்கப்பட்டிருக்கிறது. செம்மஞ்சள் நிறம் அகச்சிவப்பில் அளந்த செறிவின்மீது பிறகு ஏற்றிய சாயம். ஒவ்வொரு புள்ளியிலும் நாம் பார்ப்பது, அங்கிருந்து வந்த ஒளியில் ஒரு திசையில் அதிர்ந்த பங்குக்கும் அதற்குச் செங்குத்தான திசையில் அதிர்ந்த பங்குக்கும் உள்ள வேறுபாடு. இப்படி ஒரு வேறுபாட்டை வரைந்து அதை வட்டின் படம் என்று சொல்வதற்கு என்ன உரிமை இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உரிமை உண்டு என்பதே என் பதில். ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டு. இவ்வகைப் படத்துக்குள் இரண்டு கணக்குகள் இருக்கின்றன: எதைக் கழித்தோம் என்பது ஒன்று, எஞ்சியது எதைச் சொல்கிறது என்பது மற்றொன்று. முதல் கணக்கு இயற்பியலின் பலத்தில் நிற்கிறது. இரண்டாவது, எஞ்சியதை எப்படி வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டையும் பிரித்து வைத்தவரை இத்துறை முன்னேறியது, கலந்தபோதெல்லாம் சறுக்கியது.

முதலில் கழிக்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்று பார்ப்போம். விண்மீன் பிறந்து சில மில்லியன் ஆண்டுகள்வரை அதைச் சுற்றி வாயுவும் தூசும் கலந்த வட்டு நிலைத்திருக்கிறது. பத்து மில்லியன் ஆண்டுகளுக்குள் பெரும்பாலான வட்டுகள் கலைந்துபோகின்றன. கோள்கள் அதற்குள் பிறந்தாக வேண்டும். ஒரு மைக்ரான் தூசு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விட்டமுள்ள உலகமாக வளர்வது என்றால் நீள அளவில் பதின்மூன்று பத்துமடங்குப் படிகளைக் கடப்பது. அது எப்படி நடக்கிறது என்பதை நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம் இவ்வட்டுகள் மட்டுமே. ஆனால் அவை தொலைவில் இருக்கின்றன. மிக அருகில் உள்ளவற்றில் ஒன்றான டி.டபிள்யூ. ஹைட்ரே ஏறத்தாழ 195 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. ரிஷப மண்டலத்தின் விண்மீன் பிறக்கும் மேகங்களோ சுமார் 450 ஒளியாண்டுகளுக்கு அப்பால். அந்தத் தொலைவிலிருந்து பார்த்தால் நம் சூரியனுக்கும் வியாழனுக்கும் உள்ள இடைவெளி ஒரு விகலையின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, நெப்டியூன்வரை உள்ள இடைவெளி விகலையில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய இடத்துக்குள், தன்னைச் சுற்றியுள்ள தூசைவிடப் பல நூறு, பல ஆயிரம் மடங்கு பிரகாசமான விண்மீன் அமர்ந்திருக்கிறது. காற்றின் கொந்தளிப்பும் தொலைநோக்கியின் விளிம்புகளும் அந்த ஒளியைச் சுற்றிலும் சிதறடித்து ஒரு மூட்டத்தை உண்டாக்குகின்றன. வட்டின் மெல்லிய வெளிச்சம் அதற்குள் அமிழ்ந்துபோகிறது.

இங்கேதான் ஒளியின் ஒரு குணம் கைகொடுக்கிறது. ஒளியின் மின்புலம் அது பாயும் திசைக்குக் குறுக்காக அதிர்கிறது. ஒரு சாதாரண விண்மீனின் முழு வட்டத்திலிருந்தும் வந்து சேரும் ஒளியில் இந்த அதிர்வுகள் எல்லாத் திசைகளிலும் சமமாகக் கலந்திருக்கும். அதே ஒளி ஒரு நுண்துகளில் பட்டுச் சிதறி நம்மை நோக்கித் திரும்பினால் அந்தச் சமநிலை குலைகிறது. விண்மீன், துகள், நம் கண் ஆகிய மூன்றும் அமைந்த தளத்துக்குச் செங்குத்தான அதிர்வு ஓங்குகிறது. இதைத்தான் தளவிளைவு என்கிறோம். ஆகவே மோதாத ஒளியையும் மோதிய ஒளியையும் அவற்றின் பிரகாசத்தைக் கேட்காமலேயே பிரிக்க முடியும். வானியலாளர்கள் கருவிக்குள் ஒளியை இரண்டு கற்றைகளாகப் பிரித்து, செங்குத்தான இரண்டு அதிர்வுத் திசைகளில் ஒரே நொடியில் இரண்டு படங்கள் எடுக்கிறார்கள். காற்றின் கொந்தளிப்பு இரண்டிலும் ஒன்றுபோலவே பதிந்திருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் விண்மீனும் அதன் மூட்டமும் சேர்ந்தே அற்றுப்போகின்றன. பிறகு அரையலைத் தகடு ஒன்றைப் படிப்படியாகத் திருப்பி அளவீட்டைத் திரும்பச் செய்கிறார்கள். 45 பாகை திருப்பும்போது இரண்டு கற்றைகளும் இடம் மாறிக்கொள்வதால், தகட்டுக்குப் பின்னால் உள்ள கருவியின் குறைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன. எஞ்சும் படத்தில் அதிர்வுத் திசைகள் விண்மீனைச் சுற்றி வட்டவட்டமாக ஒழுங்குபட்டு நிற்கும். எந்தப் புள்ளியிலும் அந்தத் திசை விண்மீனை நோக்கிய கோட்டுக்குச் செங்குத்தாக இருப்பது, அந்த ஒளி எங்கிருந்து கிளம்பியது என்பதற்கான சாட்சியம். உருவத்தை வைத்துச் செய்யும் ஊகம் எதுவும் இந்தக் கழித்தலில் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இந்த வாதமுறை புதிதன்று. 1808இல் பாரிசில் எத்தியேன் லூயி மாலுஸ், லக்சம்பூர் மாளிகையின் சன்னல் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியை ஐஸ்லாந்துப் படிகத்தின் வழியாகப் பார்த்தபோது, படிகத்தைத் திருப்பத் திருப்ப இரட்டைப் பிம்பங்கள் மாறிமாறி மங்குவதைக் கண்டார். பட்டுத் திரும்பிய ஒளியில் பட்டதன் தடம் இருக்கிறது என்பது அன்று தெரிந்தது. பிரான்சுவா அராகோ அதை வானத்துக்கு எடுத்துச் சென்றார். 1819இல் தோன்றிய பெரிய வால்மீனின் ஒளியில் தளவிளைவைக் கண்டு, அது சூரியனிடமிருந்து பெற்ற ஒளியையும் திருப்பி அனுப்புகிறது என்று முடிவு செய்தார். 1835இல் ஹாலி வால்மீன் திரும்பி வந்தபோது மீண்டும் சோதித்தார். தானே ஒளிர்வது எது, பிறிதொன்றின் ஒளியைச் சிதறுவது எது என்று அதிர்வுத் திசையைக் கொண்டு பிரிக்கும் தருக்கம் அப்போதே முழு வடிவம் பெற்றுவிட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து பெர்னார் லியோ கோள்களின் ஒளியில் உள்ள தளவிளைவைப் பற்றி 1929இல் ஆய்வேடு எழுதினார். அவரே அடுத்த சில ஆண்டுகளில், சூரியனின் நடுவட்டத்தை மறைத்து அதன் வெளிப்புற ஒளிவளையத்தை கிரகணம் இல்லாத நாளிலும் பார்க்க உதவும் கரோனாகிராஃப் கருவியைப் பிக் து மிதி மலையில் அமைத்தார். இன்று இளம் வட்டுகளைப் பார்க்கும் கருவிகளில் இந்த இரண்டு உத்திகளும் அருகருகே நிற்கின்றன. நடுவில் உள்ளதை மறைப்பதும் பட்டுச் சிதறியதை மட்டும் எடுப்பதும் ஒரே மனிதரின் மேசையில் அடுத்தடுத்து உருவானவை என்பதை இத்துறையைப் பற்றி எழுதுபவர்கள் கூடுதலாக நினைவுகூரலாம்.

கழித்தல் உறுதி, வாசிப்பு விவாதத்துக்குரியது என்று சொன்னேன். இதற்கு மிகத் தெளிவான பழைய எடுத்துக்காட்டு திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமனின் கடல் ஆய்வு. 1921இல் இங்கிலாந்திலிருந்து நார்க்குண்டா கப்பலில் திரும்புகையில் ஆழ்கடலின் நீலம் அவரை ஈர்த்தது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது ராலே பிரபுவின் கருத்து. ராமன் கையில் ஒரு நிகோல் பட்டகம் இருந்தது. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி ஏறத்தாழ முழுமையாகத் தளவிளைவுற்றது என்பதால், பட்டகத்தைச் சரியான நிலையில் திருப்பிப் பிடித்தாலே வானத்தின் பிரதிபலிப்பு அகன்றுவிடும். அகன்ற பிறகு நீலம் குறையவில்லை, கூடியது. ஆகவே அந்த நீலம் கடலுக்குள்ளிருந்து வருகிறது என்று முடிவு செய்தார், நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறுவதே காரணம் என்று விளக்கினார். இதில் முதல் பாதி இன்றுவரை அசையவில்லை. இரண்டாம் பாதி திருத்தம் பெற்றது: நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சுவது கடல் நீலத்துக்கு மிக முக்கியமான காரணம் என்று இன்று அறிவோம். பட்டகம் எதை விலக்கியது என்பதில் பிழையில்லை, எஞ்சியது ஏன் நீலமாக இருக்கிறது என்பதே மேலும் ஆராய வேண்டியதாக இருந்தது. இதனால் ராமனின் சோதனையின் மதிப்பு சற்றும் குறையவில்லை. தவறான ஒரு விளக்கத்தை முற்றாக வெளியேற்றியதால்தான் சரியான விளக்கத்துக்கு இடம் பிறந்தது.

ராமனின் அண்ணன் மகன் சுப்ரமணியன் சந்திரசேகரின் கதை இன்னும் கூர்மையானது. வெப்பம் மிகுந்த விண்மீன்களின் வளிமண்டலத்தில் எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறுவதால் அவற்றின் விளிம்பிலிருந்து வரும் ஒளி சுமார் 11 விழுக்காடுவரை தளவிளைவுற்றிருக்க வேண்டும் என்று 1946இல் அவர் கணக்கிட்டார். முழு விண்மீனையும் ஒரே புள்ளியாகப் பார்க்கும்போது விளிம்பின் பங்குகள் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதால், ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களில் தேட வேண்டியிருந்தது. வானியலாளர்கள் ஹில்ட்னரும் ஹாலும் தேடினார்கள். தளவிளைவு கிடைத்தது. ஆனால் அது மறைப்பின் நேரத்தோடு மாறவேயில்லை. அந்த ஒளி வழியிலே, விண்மீன்களுக்கு இடையில் மிதக்கும் தூசின் ஊடாக வந்தபோது பெற்றது என்று 1949இல் தெரிந்தது. சந்திரசேகரின் கணிப்பைத் தேடப் போனவர்கள் நம் பால்வீதி மண்டலம் முழுவதும் நீளமான துகள்கள் காந்தப்புலத்தில் ஒழுங்குபட்டு நிற்பதைக் கண்டுபிடித்துத் திரும்பினார்கள். சமிக்ஞை உண்மையானது, அதற்கு எதிர்பார்த்த பொருள் மட்டும் வேறாக இருந்தது. வேகமாகச் சுழன்று தட்டையான மகம் விண்மீனில் அந்தக் கணிப்பின் விளைவு 2017இல்தான் அளக்கப்பட்டது. தளவிளைவைக் கண்டவுடன் எதனால் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வானியலில் இல்லை.

வட்டுகளுக்கு வருவோம். 2004இல் சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியின் நாகோ கருவி டி.டபிள்யூ. ஹைட்ரேயின் வட்டை இந்த முறையில் காட்டியது. 2009 முதல் ஹவாயில் உள்ள ஜப்பானின் சுபாரு தொலைநோக்கி பல ஆண்டுகள் நீண்ட ஒரு தொகுப்பாய்வில் வட்டு வட்டாகப் பார்த்துச் சென்றது. 2014இல் விஎல்டியில் ஸ்ஃபியர் கருவி வந்தபிறகு படங்களின் கூர்மை ஒரேயடியாக உயர்ந்தது. இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது பிடிஎஸ் 70 என்னும் விண்மீனின் கதை. 370 ஒளியாண்டு தொலைவில் உள்ள இந்த விண்மீனின் வட்டில் அகன்ற ஓர் இடைவெளி இருப்பதை 2012இல் சுபாருவின் தளவிளைவுப் படம் காட்டியது. இடைவெளி என்றால் அங்கே கோள் என்று அன்று எளிதாக அறிவித்திருக்கலாம். இடைவெளியைக் கோள் உண்டாக்கியிருக்கக்கூடும் என்பதோடு நின்றார்கள். 2018இல் அந்த இடைவெளிக்குள் கோளின் சொந்த வெப்ப ஒளியே பதிவானது. அது வாயுவை இழுத்து விழுங்கும்போது ஹைட்ரஜன் வெளியிடும் செந்நிற ஒளியும் அளக்கப்பட்டது. 2019இல் அதே ஒளியில் இரண்டாவது கோளும் தெரிந்தது. இங்கே தளவிளைவுப் படத்தின் வேலை எதுவாக இருந்தது என்று கவனிக்க வேண்டும்: எங்கே தூசு இருக்கிறது, எங்கே இல்லை என்று உறுதியாகச் சொல்லி, தேட வேண்டிய இடத்தைக் காட்டியது. கோளை நிறுவியது வேறொரு சான்று.

எதிர்த்திசையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ரிஷப மண்டலத்தில் எல்கேசிஏ 15 என்னும் விண்மீனின் வட்டு இடைவெளிக்குள் உருவாகிவரும் கோள் ஒன்று இருப்பதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. 2015இல் மேலும் சில கோள்களுக்குச் சான்று கிடைத்ததாக நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. பாடப்புத்தகங்களுக்குப் போகும் அளவுக்கு அது புகழ்பெற்றது. அதே காலத்தில் ஸ்ஃபியர் எடுத்த தளவிளைவுப் படங்கள், காலியாக இருக்கும் என்று நம்பப்பட்ட அந்த உட்பகுதியில் சிதறிய ஒளி இருப்பதைக் காட்டின. கோள்கள் என்று குறிக்கப்பட்ட இடங்களிலேயே வட்டின் விளிம்பு ஒளிர்ந்தது. 2019இல் சுபாரு, கெக் தொலைநோக்கிகளில் நடந்த ஆய்வு, அந்தப் புள்ளிகளின் வெளிச்சத்தில் பெரும்பகுதி வட்டினுடையதே என்று காட்டியது. முதல் ஆய்வாளர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். விண்மீனின் ஒளியைக் கழிக்க அவர்கள் நம்பிய முறைகள் புள்ளிபோன்ற பொருள்களைத் தேடுவதற்காக உருவானவை. வானம் சுழலும்போது எது சேர்ந்து சுழல்கிறது, எது நிலையாக நிற்கிறது என்பதைக் கொண்டு கழிக்கும் முறை, வட்டத்தைப்போல் எப்பக்கமும் ஒரேமாதிரி இருக்கும் வட்டின் ஒளியையும் சேர்த்துத் தின்றுவிடும். தின்றது போக எஞ்சும் துணுக்குகள் கோள்களைப்போலவே தோன்றும். தளவிளைவு வழி கழித்தலில் இந்த ஆபத்து இல்லை, ஏனென்றால் அது வடிவத்தைப் பார்த்துக் கழிப்பதேயில்லை. இம்முறையின் முதன்மையான பயன் அழகான படங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவசர அறிவிப்புகளைத் தடுத்து நிறுத்துவதே அதைவிடப் பெரிய பயன் என்பது என் தீர்மானம்.

இதற்கு வலுவான ஓர் ஆட்சேபம் உண்டு. தளவிளைவுப் படம் காட்டுவது வட்டின் மேல்தோலை மட்டுமே. அகச்சிவப்பு ஒளியில் வட்டு ஊடுருவ முடியாதது. விண்மீனின் ஒளி மேற்பரப்பில் மிதக்கும் மைக்ரான் அளவுத் துகள்களில் பட்டு அங்கேயே சிதறித் திரும்பிவிடுகிறது. கோள்கள் உருவாவதோ நடுத்தளத்தில், பெரிய துகள்கள் படிந்து கிடக்கும் இடத்தில். பலாவின் முள்தோலைப் பார்த்துச் சுளையை எண்ணிவிட முடியுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மேற்பரப்பில் தெரியும் வளையம் உண்மையான பள்ளத்தால் வரலாம், உட்பகுதி எறியும் நிழலாலும் வரலாம். சுருள்களைக் கோளின் இழுப்பு உண்டாக்கலாம், வட்டின் சொந்த எடையோ அருகில் கடந்த மற்றொரு விண்மீனோ உண்டாக்கலாம். ஆனால் தோல் என்பதும் வெறும் உறையன்று. அது வாயுவின் வெப்பத்தால் உயர்த்திப் பிடிக்கப்பட்டிருக்கிறது, விண்மீனிலிருந்து விலகும்தோறும் மேல்நோக்கி விரிகிறது. ஐ.எம். லூபி என்னும் விண்மீனின் வட்டில் மேற்பரப்பும் கீழ்ப்பரப்பும், இடையே இருண்ட நடுத்தளமும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஒளி எந்தக் கோணத்தில் சிதறும்போது எவ்வளவு மங்குகிறது, எவ்வளவு தளவிளைவு பெறுகிறது என்று அங்கே அளந்து பார்த்தவர்கள், அத்துகள்கள் கெட்டியான மணிகள் அல்ல, மிக நுண்ணிய துணுக்குகள் தளர்வாகக் கோத்துக்கொண்ட திரள்கள் என்ற முடிவுக்கு 2023இல் வந்தார்கள். கோள் உருவாக்கத்தின் முதல் படி துகள் துகளோடு ஒட்டுவது. அந்த ஒட்டல் எப்படிப்பட்ட உருவங்களைத் தருகிறது என்பதை 500 ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து அதிர்வுத் திசையைக் கொண்டு சொல்ல முடிகிறது. மேல்தோல் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நிழல் ஒரு குறை என்று ஆட்சேபம் சொன்னது. அதையே சான்றாக மாற்றிய நிகழ்வும் உண்டு. எச்.டி. 142527 என்னும் விண்மீனின் வட்டில் பிரம்மாண்டமான இடைவெளி ஒன்று இருக்கிறது. அதற்கு வெளியே உள்ள ஒளிவளையத்தில், ஏறத்தாழ எதிரெதிரான இரண்டு இடங்களில், தளவிளைவுப் படங்கள் இருண்ட வெட்டுகளைக் காட்டின. பொருள் இல்லாததால் வந்த இருட்டு என்றால் மில்லிமீட்டர் அலைகளிலும் அங்கே அதேபோன்ற குறைவு தெரிந்திருக்க வேண்டும். 2015இல் சிலி ஆய்வாளர்கள் தந்த விளக்கம் வேறு. விண்மீனை ஒட்டி ஒரு சிறிய உள்வட்டு இருக்கிறது, அது வெளிவட்டின் தளத்திலிருந்து சுமார் 70 பாகை சாய்ந்து நிற்கிறது, அதன் நிழல்தான் வெளியே விழுகிறது. அந்தப் படங்களில் நேரடியாகப் பிரித்துப் பார்க்க முடியாத அளவு நெருக்கத்தில் உள்ள ஒன்றின் சாய்வை, பல பத்து வானியல் அலகுகளுக்கு அப்பால் விழுந்த நிழலைக் கொண்டு அளந்துவிட்டார்கள். மேற்பரப்பு மட்டும் தெரியும் படம் என்பதால்தான் இது முடிந்தது. நிழல் மேற்பரப்பில்தான் விழும்.

இரண்டாவது ஆட்சேபம் நடுத்தளத்தைப் பார்க்கும் மில்லிமீட்டர் அலைகளிலிருந்து வருகிறது. அங்கேயும் தளவிளைவு அளக்கப்படுகிறது, ஆனால் அதன் பொருள் ஒன்றாக இல்லை. எச்.எல். டாரி என்னும் இளம் விண்மீனின் வட்டில் அளந்த தளவிளைவை வைத்து 2014இல் அங்குள்ள காந்தப்புலத்தின் வடிவம் சொல்லப்பட்டது. ஹில்ட்னர், ஹால் கண்டதைப்போல நீளத் துகள்கள் புலத்தில் ஒழுங்குபட்டிருக்கும் என்பது அடிப்படை. அடுத்த ஆண்டே ஜப்பானிய வானியலாளர் கதவோகாவும் சக ஆய்வாளர்களும் வேறொரு வழியைக் காட்டினார்கள்: வட்டின் தூசு வெளியிடும் அலைகளை அதே வட்டின் தூசே சிதறினாலும் தளவிளைவு வரும். 2017இல் அல்மா தொலைநோக்கி வரிசை அளந்தபோது 0.87 மில்லிமீட்டரில் அதிர்வுத் திசைகள் எல்லாம் வட்டின் குறுகிய அச்சுக்கு இணையாக நின்றன, 3.1 மில்லிமீட்டரில் வட்டவட்டமாகச் சுழன்றன. காந்தப்புலம் அலைநீளத்துக்குத் தகுந்தபடி வடிவம் மாற்றிக்கொள்ளாது. குறுகிய அலைநீளத்தில் ஓங்கியிருப்பது சிதறலே என்று ஆனது. சிதறல் இவ்வளவு வலுவாக இருக்க வேண்டுமானால் மிகப்பெரிய துகள்கள் சுமார் 100 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். ஆனால் அதே வட்டின் பிரகாசம் அலைநீளத்தோடு மாறும் விதத்தைக் கொண்டு செய்த பழைய கணிப்புகள் மில்லிமீட்டர் அளவுத் துகள்களைச் சொல்லிவந்தன. பத்து மடங்கு வேறுபாடு. கோள் வளர்ச்சியின் காலக்கணக்கையே இது புரட்டிப்போடும். இம்முரண்பாடு தளவிளைவு ஆய்வின் தோல்வி என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அளவீட்டில் சிக்கல் இல்லை. 2014இல் செய்த வாசிப்பு மட்டுமே வீழ்ந்தது. அதோடு, துகள் அளவைப் பற்றிய பழைய நம்பிக்கை எவ்வளவு மெல்லிய தளத்தில் நின்றது என்பதும் வெளிப்பட்டது.

முதல் கணக்கு உறுதி என்றேன். அந்த உறுதியும் இலவசமாகக் கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. தொலைநோக்கியின் சாய்ந்த ஆடிகளும் ஒளியைத் தளவிளைவுறச் செய்யும். பிம்பத்தை நிலைநிறுத்தச் சுழலும் உறுப்புகள், அளக்க வேண்டிய சமிக்ஞையில் பெரும்பங்கைச் சில நிலைகளில் விழுங்கிவிடும். ஸ்ஃபியரின் இந்தக் குறைகள் முழுமையாக அளந்து வெளியிடப்பட்டது 2020இல்தான். அதற்கு முன் பலரும் ஒரு குறுக்குவழியை நம்பினார்கள். சிதறிய ஒளியின் திசைகள் விண்மீனைச் சுற்றி வட்டமாகவே இருக்க வேண்டும், விலகினால் அது பிழை, ஆகவே அதைத் திருத்தி அழித்துவிடலாம் என்பது அது. ஒளி ஒருமுறை மட்டும் சிதறினால் அது சரி. சாய்ந்த வட்டுகளில் ஒளி துகளிலிருந்து துகளுக்குப் பலமுறை மோதி வெளிவருகிறது, அப்போது திசைகள் உண்மையாகவே விலகும் என்று 2015இல் கணித்துக் காட்டினார்கள். குறுக்குவழி பிழையோடு சேர்த்து உண்மையையும் அழித்துக்கொண்டிருந்தது. இயற்பியல் சொல்லும் கழித்தலோடு வசதிக்கான ஊகம் ஒன்றும் ரகசியமாகச் சேர்ந்துகொண்ட இடம் இது. இத்தகைய இடங்களைத் தேடிப் பிடித்து அகற்றுவது, புதிய வட்டைப் படமெடுப்பதைவிடக் கவர்ச்சி குறைந்த பணி. அதைச் செய்தவர்களின் கட்டுரைகள் செய்தியாவதில்லை. ஆயினும் இன்று நாம் நம்பும் எந்தப் படமும் அவர்களின் உழைப்பின் மேல்தான் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு: யாரைப் படமெடுத்தோம் என்பது. தொடக்கத்தில் பார்த்தவை பெரும்பாலும் பிரகாசமான, அகன்ற, இடைவெளி உண்டென்று முன்பே சந்தேகிக்கப்பட்ட வட்டுகள். சுருளும் வளையமும்தான் வட்டுகளின் இயல்பு என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. 2024இல் ரிஷபம், பச்சோந்தி, ஓரியன் மண்டலங்களில் 86 விண்மீன்களைப் பார்த்த ஆய்வுகள் வெளியாயின. ஓரியனில் பார்த்த 23இல் 10ஐச் சுற்றி மட்டுமே வட்டு தெரிந்தது. மற்றவற்றில் வட்டு இல்லை என்று இதற்குப் பொருளில்லை. வட்டு சிறியதாகவோ, தன் உட்பகுதியின் நிழலில் மூழ்கியதாகவோ இருக்கலாம். பத்திரிகைகள் அந்தப் பதின்மூன்றின் வெற்றுப் படங்களை வெளியிடுவதில்லை. ஆனால் கோள்கள் எவ்வளவு எளிதாக, எவ்வளவு பரவலாக உருவாகின்றன என்ற கேள்விக்கு அவையும் சமமான பதில்கள்.

இப்போது நம் முன் நிற்கும் வழக்கு ஏ.பி. ஆரிகே. இதன் வட்டுக்குள், விண்மீனிலிருந்து 93 வானியல் அலகு தொலைவில், உருவாகிவரும் கோள் ஒன்று இருப்பதாக 2022இல் சுபாரு, ஹபிள் தரவுகளைக் கொண்டு அறிவித்தார்கள். அறிவித்தவர்கள் முன்வைத்த காரணங்களில் ஒன்று, அந்தப் பொருள் மொத்த ஒளியில் திரண்டு தெரிகிறது, தளவிளைவு ஒளியில் அப்படித் தெரியவில்லை என்பது. அராகோவின் தருக்கம்தான் இது: சிதறிய ஒளி இல்லையென்றால் தானே ஒளிர்கிறது. ஆனால் அடுத்த ஆண்டே ஹபிளின் வேறு அலைநீளத் தரவுகளை ஆராய்ந்தவர்கள், அந்த ஒளி வட்டில் பட்டுச் சிதறிய விண்மீன் ஒளியாகவும் இருக்கலாம் என்றார்கள். தளவிளைவு குறைவு என்பது சிதறலே இல்லை என்பதற்கு முழுச் சான்றாகாது. சில கோணங்களில், சிலவகைத் துகள்களில், பலமுறை மோதிய ஒளியில் தளவிளைவு மிகவும் குறைந்தே இருக்கும். இருப்பது சிதறலுக்குச் சான்று, இல்லாதது கோளுக்குச் சான்று என்று இரண்டையும் சம எடையில் வைக்க முடியாது. பிடிஎஸ் 70இல் கோள்களை ஏற்றுக்கொண்டது வெப்ப ஒளி, ஹைட்ரஜன் ஒளி, ஆண்டுகளாகத் தொடர்ந்த சுற்றியக்கம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கியதால். ஏ.பி. ஆரிகேயிலும் அவை ஒன்றாகச் சேரும்வரை அதைக் கோள் என்று எழுதாமல், கோளாக இருக்கக்கூடிய பொருள் என்றே எழுதுமாறு தமிழில் அறிவியல் எழுதுபவர்களையும் பாடநூல் தயாரிப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.